தூக்கம் வருதா அண்ணே?



2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் மூடப்பட்டபோது 3 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். ஜூனில் நமக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அவர்கள் வெளியே போக 2022 ஜூன் வரை அனுமதி தேவைப்பட்டது.

தாதியரான நாங்கள் “மனச்சோர்வா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லை சிஸ்டர்” என்பார்கள். “ராத்திரி தூக்கம் வருதா அண்ணே?” என்றால்தான் ஏஜெண்டுக் கடன், போக முடியாமல்போன அப்பாவின் சாவு எல்லாம் வெளியே வரும். (வந்தது தலைவலி மாத்திரைக்குத்தான்!)

ஆராதனைக்கு வரும் அண்ணன்மாரிடம் “ஜெபம் பண்ணுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, வீட்டோடு பேச்சு, இதையெல்லாம் விசாரியுங்கள். “செத்துட்டா தேவலை” என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.