சாமிக் குத்தத்துக்கு டாக்டரா?

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கால் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கினால் உயிர் போகும். மறுநாளும் அதே பாத்தியில் இறங்குவார்கள், கூலிக்காக. ஆனால் அதை வைத்தியம் என்று ஒருவரும் சொன்னதில்லை. மனசு வெடித்தவர்களிடம் மட்டும் கூசாமல் சொல்கிறோம்: "சாமிக் குத்தம், சாமியாலதான் தீரும்."

பூசாரியின் உடுக்கை, ஜெபக்கூட்டத்து ஒலிபெருக்கி, தர்கா வாசல் தாயத்து என்று மூன்று மதங்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது.

பக்தியோடு எனக்குப் பகை இல்லை. மரக்காணத்துப் பூமீஸ்வரர் சன்னதியில் ஐந்து நிமிடம் நின்று பாரம் குறைந்து வீடு திரும்புகிறவரை நான் ஏன் தடுக்க வேண்டும்? நான் பேசுவது பக்தியின் பெயராலேயே அடிபட்டவர்களைப் பற்றி. பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையால் விளாசப்பட்டவள். நரக நெருப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தூக்கம் தொலைத்த பையன். தீட்டு நாளில் நீ வாசல் மிதித்ததால்தான் அப்பா கடலோடு போனார் என்று பதின்மூன்று வயதில் கேட்டு, நாற்பதிலும் அதை நம்புகிறவள். இவளை மறுபடியும் குறி சொல்கிறவர் முன்னால் உட்காரவைத்தால் என்ன கேட்கப்போகிறாள்? அதே தீர்ப்பை, கூடுதல் பரிகாரச் செலவோடு.

இந்தக் காயத்துக்கு அமெரிக்க உளவியலாளர் மார்லீன் வினெல் 2011-ல் ஒரு பெயர் வைத்தார். மருத்துவக் கையேடுகள் இதைத் தனி நோயாக இன்னும் சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் என்ன, பயமும் தூக்கமின்மையும் ஓயாத குற்றவுணர்வும் மனநல மருத்துவருக்குப் புதிதா?

"கோயிலில் தங்கிக் குணமானவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். தமிழகத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதைக் காட்டுகிறவர்கள் மீதியையும் படிக்க வேண்டும். அங்கே தனியான பேயோட்டுச் சடங்கு எதுவும் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கினார், மிரட்டாத சூழல் இருந்தது. அடிபடாமல் இருந்ததும் ஆள் துணையும்தான் அங்கே மருந்து என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று 95-வது பிரிவில் எழுதியிருக்கிறது. அதே சட்டம் சிகிச்சை பெறுவதையும், அதை ரகசியமாக வைத்திருப்பதையும் நம் உரிமை என்கிறது. ஒரு வீட்டுத் தும்மல் ஊருக்கே கேட்கும் குப்பத்தில் இந்த ரகசியம் சின்ன விஷயமில்லை.

கூலியை விட்டுவிட்டுப் புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறுவது எளிதல்லதான். முதல் பேச்சுக்குப் பஸ்கூட வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நேரில் போகும்போது போர்டை நம்பாதீர்கள். 'கவுன்சிலிங்' என்று யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை விரதம் இரு என்கிறவரும் வேண்டாம், சாமியே பொய், விட்டுத்தள்ளு என்று பிரசங்கம் செய்கிறவரும் வேண்டாம். இரண்டாமவரும் ஒருவகைப் பூசாரிதான்.

"நான் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன், திரும்பக் கும்பிடுவேனா என்று தெரியாது, இப்படியே இருந்தால் பார்ப்பீர்களா?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். அவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மரக்காணத்துக்குத் திரும்பப் பஸ் இருக்கிறது, அடுத்த வாரம் வேறொருவரைப் பார்க்கவும் பஸ் இருக்கிறது.