ஆந்தையும் அதன் சீட்டும்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் ஒரு தூங்குமூஞ்சி மரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று குடியிருக்கிறது. பொழுது சாய்ந்து, மணலிப் பக்கம் ஆலைத் தீக்கொழுந்து பளிச்சென்று தெரியும் நேரத்தில் ஒன்று வெளியே வரும். நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும். தெருக்காரர்களுக்கு அது சாக்குருவி. பறவை பார்க்கும் நமக்கோ குறிப்பேட்டில் ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இந்த முறை எழுதத் தோன்றியது.

புள்ளி ஆந்தையின் நெருங்கிய உறவு காட்டுச் சிற்றாந்தை. மத்திய இந்தியத் தேக்குக் காடுகளில் வாழ்வது. நம்முடையது 21 செ.மீ., அது 23. உடல் அளவை வைத்துப் பிரிக்க முடியாது. உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். புள்ளி ஆந்தைக்குத் தலை நிறைய வெள்ளைப் பொட்டு. மற்றதற்குப் பொட்டைத் தேடித்தான் காண வேண்டும். அதன் அடிவயிறு கறையில்லாத வெள்ளை, அலகும் காலும் தடித்தவை, பகலிலும் இரை தேடும்.

1873-இல் பறவையியலாளர் ஹியூம் அதற்குப் பெயரிட்டார். 1884-க்குப் பிறகு ஆளையே காணோம். காட்டுச் சிற்றாந்தை என்று இடையில் அச்சான படத்தில் இருந்தது புள்ளி ஆந்தை. அதைவிடக் கொடுமை, பறவை சேகரிப்பாளர் மெய்னெர்ட்ஸ்ஹாகன் செய்த காரியம். அருங்காட்சியகத்தில் திருடிய பாடம்செய்த பறவைக்கு, 1914-இல் குஜராத்தின் மாண்டவி அருகே தாமே பிடித்ததாகச் சீட்டு எழுதிக் கட்டினார். அதை நம்பியவர்கள் இல்லாத இடத்தில் தேடினார்கள். பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய உண்மையான சீட்டுகளின் வழியே போனார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, அவரும் உடன் சென்றவர்களும் அதைக் கண்டார்கள். 113 ஆண்டுகள்!

யாரோ ஒருவர் ஊர்ப்பெயரை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் கிடைத்த பறவை அது.

ஆகவே, 'வடசென்னை' என்று பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்பாதீர்கள். மாத்தூர் என்றால் மாத்தூர். எந்த மரம், எத்தனை மணி, வயிற்றில் கோடு எப்படி என்பதும் வேண்டும். பொந்து இருக்கும் இடத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள், எங்களுக்கு அனுப்புங்கள்.