வலைப்பொறிகளும் எழுதிவைக்கும் வழக்கமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர் ரௌட்டரையும் ஸ்விட்சையும் பற்றி எழுதப் புகுந்தால், நூலகத்திற் செய்யவேண்டிய வேலையை விட்டுக் கம்பி எண்ணப் போயினர் என நண்பர் நகைப்பர். நகைக்கட்டும். யாம் கூறக் கருதியது எழுத்தைப் பற்றியதே. பொறி அதன்பின் வருவது. கல்லூரி, மருத்துவமனை, வங்கி முதலிய பெருநிலையங்களின் கணினி வலை சீர்கெடுவதற்குப் பொறியின் பழுதினும், பொறிக்கு இட்ட கட்டளைகளை எழுதாமையும் காவாமையுமே பெருங்காரணம் என்பது எம் துணிபு. இத்துணிபு எமக்கு எங்ஙனம் உண்டாயிற்று என்பதை முதற்கண் கூறுவாம்.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு மாணவர் விடுதியில் நிகழ்ந்தது இது. விடுதியின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. மாலையிற் பெய்த பெருமழையில் மின்சாரம் நின்றது. அதற்கென வைத்த பாட்டரியும் அரைமணிப் பொழுதில் ஓய்ந்தது. இரவு மின்சாரம் மீண்டபோது விடுதியின் முன்கட்டில் வலை வந்தது, பின்கட்டில் வரவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்பும் எல்லையோ மறுநாள் மாலை ஐந்து மணி. பின்கட்டில் கைப்பேசியின் அலையும் வலிவற்றது. காலை எட்டு மணி முதல் விடுதி எழுத்தர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். பிற்பகலில் உண்மை வெளிப்பட்டது. ஐந்து திங்களுக்கு முன், பின்கட்டுக்கென ஒரு புதிய வீலானை ஒருவர் அமைத்துச் சென்றிருக்கிறார். வீலான் என்பது ஒரே கம்பியினுள்ளே பல பிரிவினரின் செய்திகளை ஒன்றோடொன்று கலவாமல் ஓட்டும் ஏற்பாடு. அவர் அமைத்தது செவ்வையாகவே வேலை செய்தது. ஆனால் அதனைப் பொறியின் நிலையான நினைவிற் சேமியாமற் போய்விட்டார். மின்சாரம் நின்றதும் பொறி அதை மறந்தது. அவரோ வேலையை விட்டு வேறூர் சென்றுவிட்டவர். பேருந்தில் இருந்தபடியே நினைவிலிருந்து எண்களைச் சொல்ல, இங்கே ஒருவர் தட்டச்சுச் செய்தார். இருமுறை எண் தவறிற்று. நான்கரை மணிக்கு வலை மீண்டது. அதற்குள் இருவர் மழையில் நனைந்துகொண்டே பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்குப் போயினர். ஒருவர் விண்ணப்பம் ஏறிற்று. மற்றவரது ஏறுமுன் மணி ஐந்தாயிற்று. அவருக்கு அவ்வாண்டின் கட்டணம் முழுவதும் அவ்விண்ணப்பத்தையே நம்பியிருந்தது.

இதிற் குற்றவாளி யார் என்று விடுதியில் நெடுநேரம் வாதித்தோம். எம் எண்ணமெல்லாம் பொறியின் மறதி எத்தகையது என்பதிலேயே சென்றது. இத்தொழில் தெரிந்த அண்ணன் ஒருவர் எமக்கு விளக்கினார். சிஸ்கோ முதலிய பொறிகள் பலவற்றில் கட்டளைத் தொகுதி இரண்டு இடங்களில் உண்டு. தொழிலாளர் அதனைக் கான்பிக் என்பர். ஒன்று, இப்பொழுது ஓடிக்கொண்டிருப்பது. அது மின்சாரம் உள்ளவரையே வாழும். மற்றொன்று, பொறி மீண்டும் எழும்போது படித்துக்கொள்வது, அது அழியாது. முன்னதைத் திருத்தியவர் ரைட் மெமரி என்னும் கட்டளையால் பின்னதிலும் பதியவேண்டும். பதியாவிடின் இரண்டும் வேறுபடும். அவ்வேறுபாடு மின்சாரம் நிற்கும் நாள்வரை ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது.

இதனைக் கேட்டபோது எமக்குப் பாடபேதம் என்னும் சொல்லே நினைவில் எழுந்தது. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏட்டுப்பிரதிகளைத் தேடி, ஒன்றை மற்றொன்றோடு ஒப்புநோக்கிய வரலாற்றை நம் வகுப்பினர் யாவரும் அறிவர். வலைக்காவலர் செய்யவேண்டியதும் ஒப்புநோக்குதலே. ஒவ்வொரு பொறியின் கான்பிக்கையும் நாள்தோறும் படியெடுத்து, நேற்றைய படிக்கும் இன்றைய படிக்கும் உள்ள வேற்றுமையை வரிவரியாகக் காட்டும் நிரல்கள் இருக்கின்றன. ரான்சிட், ஆக்சிடைஸ்டு என்னும் இரண்டும் விலையின்றியே கிடைப்பன. ஐயரவர்கள் பல்லாண்டு உழைத்துச் செய்ததில் ஒரு சிறு கூற்றை இவை இரவுதோறும் உறங்காமற் செய்கின்றன. இவற்றை அமைக்க ஒருவருக்கு ஒருநாள் வேலை. அந்த ஒருநாளை ஒதுக்காத நிலையங்கள் புதிய ஸ்விட்சுக்கு மட்டும் இலட்சங்களை ஒதுக்குதலை யாம் வியந்து நோக்குகின்றோம்.

ஒப்புநோக்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சொல்லே சான்று. இரு ஸ்விட்சுகளை இணைக்கும் கம்பிக்கு டிரங்கு என்று பெயர். எந்தெந்த வீலான்கள் அதன்வழிச் செல்லலாம் என்று ஒரு பட்டியல் இடுவர். ஏற்கெனவே பத்தும் இருபதும் செல்லுமிடத்தில் முப்பதையும் சேர்க்க விரும்பினால், சிஸ்கோ பொறியில் எண்ணுக்கு முன் ஆட் என்னும் சொல்லை இடவேண்டும். அச்சொல் விடுபடின், முப்பது மட்டும் செல்க, ஏனைய நிற்க என்று பொறி பொருள் கொள்ளும். உம்மை ஒன்று விடுபட்டால் உரையாசிரியர் பொருளை வருவித்துக்கொள்வார். பொறி அங்ஙனம் வருவித்துக்கொள்ளாது. முதிர்ந்த தொழிலாளரும் ஒருமுறையேனும் இவ்வழுவிற் சிக்கியிருப்பர் என்று அவ்வண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தொலைவிலிருந்து பொறியைத் திருத்துவோர்க்கு மற்றொரு காப்பும் உண்டு. திருத்தம் தவறினால் தாம் நின்ற கிளையையே வெட்டிக்கொள்வர். பின் பொறியை அணுக வழியிராது. ஆதலின் திருத்தத் தொடங்குமுன் ரீலோட் இன் 10 என்று ஆணையிட்டுவைப்பர். பத்து நிமிடத்தில் பொறி தானே அணைந்தெழும். சேமிக்கப்பெறாத திருத்தம் மறைந்து பழைய கான்பிக் திரும்பும். திருத்தம் செவ்விதாயின் அவ்வாணையை இடையிலேயே நீக்கிவிட்டுச் சேமிக்கலாம். முன் கூறிய மறதியே ஈண்டு உதவியாகின்றமை காண்க. ஜூனிப்பர் பொறிகளில் கமிட் கன்பர்ம்டு என்னும் கட்டளை இதனையே இன்னும் நயமாகச் செய்கின்றது; உறுதி கூறாவிடின் பத்து நிமிடத்தில் பொறி அணையாமலே முன்னிலைக்கு மீளும். இவ்வளவு எளிய காப்பிருந்தும், நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்து பொறியறையைத் திறப்போர் பலர்.

இனிக் கம்பிகளைப் பற்றிச் சிறிது. பொறியலமாரியைத் திறந்தால் நீலக்கம்பிகள் சேமியா போலப் பின்னிக்கிடக்கக் காண்போம். எது எந்த அறைக்குப் போகின்றதென்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கம்பியின் இருமுனையிலும் ஒரு சீட்டு ஒட்டுதலை அற்பமென்று எண்ணற்க. சீட்டில்லாத கம்பியின் இரு முனைகளையும் அறியாமல் ஒரே ஸ்விட்சில் ஒருவர் செருகினாற் போதும், நிலையம் முழுவதும் நிலைகுலையும். காரணம் கூறுவாம். ரௌட்டர் வழிச் செல்லும் பாக்கெட்டுக்கு ஓர் ஆயுளெண் உண்டு. ஒவ்வொரு ரௌட்டரிலும் அது ஒன்று குறைந்து, பூச்சியமானால் பாக்கெட்டு மாய்க்கப்படும். ஸ்விட்சினுள் ஓடும் ஈதர்நெட்டுக்கு அத்தகைய ஆயுளெண் இல்லை. வட்டத்திற் புகுந்தது சாவின்றிச் சுழலும். சுழலச் சுழலப் பெருகும்.

இவ்வட்டத்தை அறுப்பதற்கு ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க அம்மையார், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது 1985-ல் ஒரு முறை கண்டார். ஸ்பேனிங் ட்ரீ என்பது அதன் பெயர். ஸ்விட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்து மரம்போல் நின்று, மிகையான வழிகளை அடைத்துவிடும். அம்மையார் தம் முறையை ஒரு சிறு கவிதையாகவும் பாடிவைத்தார் என்பது தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவது. ஆயினும் இங்கும் ஒரு கவனம் வேண்டும். வேர் எதுவென்று நாம் குறியாவிடின், முகவரியெண் குறைந்த ஸ்விட்ச் எதுவோ அதுவே வேராகும். பெரும்பாலும் அது எங்கோ மூலையிற் கிடக்கும் பழைய ஸ்விட்சாக இருக்கும். நடுவில் நிற்கும் வலிய ஸ்விட்சையே வேராக ஆணையிட்டு, மாணவர் அறைகளுக்குச் செல்லும் வாயில்களில் பிபிடியூ கார்டு என்னும் காவலையும் இடுதல் நன்று. பாஸ்டன் நகரத்து பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் வலை ஏறத்தாழ நான்கு நாட்கள் தடுமாறிற்று. சிறு வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து வளர்த்தமையால், ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் எல்லையை அது கடந்திருந்தது. மருத்துவரும் செவிலியரும் தாளும் பேனாவும் கொண்டு நோயாளிகளைக் காத்தனர். அம்மருத்துவமனையின் தலைவர்கள் நிகழ்ந்ததை மறையாமல் வெளியிட்டமை அவர்க்குப் பெருமையே. நம் நிலையங்களில் இப்பண்பு அரிது.

நிற்க. எழுதிவைத்ததை எங்கே வைப்பது என்பதும் வினாவாகும். வலையின் வரைபடத்தை அவ்வலையினுள்ளேயே பூட்டிவைத்தால், வலை வீழ்ந்த அன்று அதுவும் உடன்வீழும். 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிய ஒருவர் இட்ட கட்டளை, அவ்வலை முழுவதையும் அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய நிரலும் பழுதுற்றிருந்தது. பழுதுபார்ப்பதற்கென்றிருந்த தனிவழியும் உடன் நின்றமையால், பொறியாளர் நேரிற் சென்று பாதுகாப்பு வாயில்களைக் கடந்து பொறியை அடைய நெடும்பொழுது சென்றது. உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அச்சேவை இல்லை. கனடாவில் 2022 ஜூலை 8-ல் ரோஜர்ஸ் நிறுவனத்தின் ரௌட்டர்களில் ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. வழிக்குறிப்புகள் வெள்ளம்போற் பாய்ந்து நடுவண் ரௌட்டர்களை மூழ்கடித்தன. ஒருகோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொடர்பிழந்தனர். அவசர அழைப்பும் பலர்க்குக் கிட்டவில்லை. பழுதுபார்க்கும் ஊழியரும் அதே நிறுவனத்தின் தொலைபேசியையே நம்பியிருந்தமையால் ஒருவரோடொருவர் பேசவும் இடர்ப்பட்டனர். அப்பணி ஏழு கட்டங்களில் ஆறாவது. முன்னைக் கட்டங்கள் இடரின்றி முடிந்தமையால், இடர் மிக்கதென முதலில் மதித்த பணியை இடர் குறைந்ததென்று தாழ்த்தியிருந்தனர். ஐந்துமுறை விழாதவன் ஆறாம் முறை விழான் என்னும் இக்கணக்கு கனடாவுக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே வரைபடமும் கான்பிக்கும் தாளில் ஒரு படி இருத்தல் வேண்டும். கடவுச்சொற்கள் உறையிலிட்டுப் பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். பொறியை நேரே அணுகும் கன்சோல் கம்பி ஒன்று அலமாரியிலேயே தொங்கவேண்டும். பொறியின் கடிகாரத்தையும் மறவற்க. சிஸ்கோ ஸ்விட்சுகளிற் பல, நேரம் அறிவிக்கப்பெறாவிடின் 1993 மார்ச் 1 என்றே விழித்தெழும்; அந்நாளிட்ட குறிப்புகளைக் கொண்டு நேற்றிரவு நிகழ்ந்ததை எங்ஙனம் ஆராய்வது? என்டிபி வழியே நேரத்தை ஊட்டி, குறிப்புகளை வேறொரு கணினிக்கு அனுப்பிவைப்பின் அவை சாட்சி சொல்லும். கடவுச்சொல்லை வெளிப்படையாகக் கொண்டுசெல்லும் டெல்நெட்டை விடுத்து எஸ்எஸ்எச் கொள்க. வேண்டாத வாயில்களை அடைத்துவைக்க. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ பொறிகள் பல்லாயிரம், இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த வெப் பக்கத்தின் வழியாகவே கள்வர் கைப்பட்டன. தூசும் வெப்பமும் பாட்டரியின் முதுமையும் யாவரும் அறிந்தனவே.

எழுத நேரமேது என்று தொழிலாளர் கேட்பர். இது நேர்மையான கேள்வி. ஒருவரே அச்சுப்பொறியையும் காமிராவையும் வலையையும் கவனித்து, ஒப்பந்தக் கூலியில் ஓராண்டு இருந்து போகும் நிலையில், அவர் ஏட்டில் எழுதவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. எழுதுதலும் வேலையே என்று மதித்து அதற்குப் பொழுது தருதல் நிருவாகத்தார் கடன். இனி எல்லாம் மேகக்கணினியிலிருந்தே நடக்கும், பொறியே தன் கான்பிக்கை அங்கே காத்துக்கொள்ளும் என்று வணிகர் கூறுவதையும் கேட்டோம். சேமித்தலை அது எளிதாக்கும். ஆனால் அந்த வீலான் ஏன் அமைக்கப்பட்டது, யார் கேட்டார், எதை நீக்கினால் எவர் அறை இருளும் என்பவற்றை மேகம் அறியாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அவ்வேட்டைத் தமிழில் எழுதுக. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். காரணமும் இடமும் செய்யவேண்டிய முறையும் தமிழில் இருப்பின், இரவில் விடுதியில் இருக்கும் காவற்காரரும் எழுத்தரும் படித்து முதலுதவி செய்யலாம். மேற்கூறிய விடுதியில் இதனைத் தொடங்கியிருக்கின்றோம். பொறியலமாரியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. உள்ளே ஆணியில் நூறு பக்க நோட்டு ஒன்று தொங்குகின்றது. விண்ணப்பம் தவறிய நண்பரே அதன் முதற்பக்கத்தை எழுதினார். அவர் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கின்றார். நோட்டின் கடைசிக் குறிப்பு சென்ற வாரத்தது: மின்சாரம் இருமுறை நின்றது, பாட்டரி இருபது நிமிடமே தாங்கியது, பின்கட்டில் வலை தானே வந்தது, மாற்றவேண்டியது பாட்டரி. கீழே காவற்காரரின் கையொப்பம்.