உப்பு மழையில் ஒரு தமிழ்க் குரல்



ஆஸ்டின் டவுனில் வாழும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் கவலை ஒன்றுண்டு. ஐந்து வயதில் பாட்டு வாத்தியாரிடம் ஸரளி வரிசை தொடங்கிய பெண், பதினைந்தாம் வயதில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ராக் குழுவில் சேரப் போகிறேன் என்கிறாள். தந்தை சினக்கிறார், தாய் கண் கலங்குகிறாள். இத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண்தானா என்பது அவர்கள் வினா. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 2003இலும், அயர்ன் மெய்டன் குழுவினர் 2007இலும் வந்து பாடிச் சென்ற நகரம் இது. ராக் இசையைக் கதவடைத்துத் தடுக்க எவராலும் இயலாது. ஆகவே, நம்மைப் போலவே குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்து மகளின் இசைத்தட்டை இத்திங்கள் ஆராய்வோம்.

சுசீலா ராமன் 1973ஆம் ஆண்டு இலண்டனில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். அவருக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகருக்குப் பெயர்ந்தது. கடல் கடந்து சென்ற பெற்றோர் தமிழ்ப் பண்பாட்டைக் கைவிடலாகாது என்பதில் உறுதியாக இருந்தனர். சிறுமி கர்நாடக இசை பயின்றார். இளமையிலேயே கச்சேரியும் செய்தார். ஆயினும் பதின்பருவத்தில் அவர் சிட்னியில் சொந்தமாக ஓர் இசைக்குழு அமைத்து, ஃபங்க், ராக் அண்டு ரோல் எனப் பாடத் தலைப்பட்டார். பின்னர் ப்ளூஸ், ஜாஸ் எனச் சென்றார். அவ்விசைகளுக்குக் குரலைப் பயன்படுத்தும் முறையே வேறு. இங்கே கதை முடிந்துவிட்டது என்றுதான் ஊரார் எண்ணியிருப்பர்.

கதை முடியவில்லை. 1995ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். தமிழ்ப் பக்தி இசையைத் தேடினார். இந்துஸ்தானி இசைவாணி சுருதி சடோலிகரிடம் பயின்றார். 1997இல் இங்கிலாந்துக்குச் சென்று, கிதார்க் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்து உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக 2001இல் வெளிவந்ததே அவர் தம் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பாகிய 'சால்ட் ரெயின்', அதாவது 'உப்பு மழை'. பிரிட்டனில் ஆண்டுதோறும் சிறந்த இசைத்தொகுப்புக்கு வழங்கப்பெறும் மெர்க்குரி பரிசுக்கு அவ்வாண்டு தேர்வான பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. மறு ஆண்டு பி.பி.சி. மூன்றாம் வானொலியின் உலக இசை விருதுகளில், சிறந்த புதுமுகம் என்னும் சிறப்பு சுசீலாவுக்குக் கிட்டியது.

இத்தொகுப்பில் என்ன இருக்கிறது? தியாகையரின் 'நகுமோமு' இருக்கிறது. மைசூர் அரண்மனை வித்துவான் வாசுதேவாசாரியார் இந்தோள இராகத்தில் அமைத்த 'மாமவது' இருக்கிறது. நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டின் பெருமகனார் ஒருவரின் கீர்த்தனை, சிட்னியில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணின் வாயிலாக இலண்டனில் ஒலித்தது எண்ணி மகிழத்தக்கது. அமெரிக்கப் பாடகர் டிம் பக்லி 1970இல் வெளியிட்ட 'சாங் டு தி சைரன்' என்னும் பாடலும் உடன் உண்டு. பின்னணியில் தபலா ஒலிக்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் வேன்சான் செகால் செல்லோ வாசிக்கிறார். கேமரூன் நாட்டு இலேர் பெண்டாவின் பேஸ் கிதார் ஆழத்தில் முழங்குகிறது. இவற்றின்மேல் சுசீலாவின் கனத்த குரல் அவசரமின்றி மிதந்து வருகிறது. அரைத்துயிலில் கேட்கும் தாலாட்டுப் போன்ற மயக்கம் அதில் உண்டு.

இத்தகைய மயக்க இசையைச் 'சைக்கடெலிக்' என்பர். உள்ளத்தை வெளிப்படுத்துவது என்னும் பொருள்பட, கிரேக்க வேர்ச்சொற்களைக் கொண்டு 1956இல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டு என்னும் மனநல மருத்துவர் ஆக்கிய சொல் அது. போதைப் பொருள் ஆராய்ச்சியில் பிறந்த அச்சொல் பின்பு இசைக்குப் பெயராயிற்று. 1966ஆம் ஆண்டளவில் பீட்டில்ஸ் முதலியோர் அவ்விசைக்கு வேண்டிய நாதத்தைத் தேடியபோது, நம் நாட்டுத் தம்புராவையும் சிதாரையும் தபலாவையுமே நாடினர். அவர்கள் தொலைவிலிருந்து கடன் வாங்கிய சுருதி, சுசீலாவுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வாய்த்த முதல். எனவே 2007இல் ஜிமி ஹென்றிக்ஸின் 'வூடூ சைல்' முதலிய பழைய பாடல்களை அவர் தம் போக்கில் பாடியபோது, அது ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை.

2011இல் வெளிவந்த தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'வேல்'. தமிழகப் பக்திப் பாடகி கோவை கமலாவிடம் கற்ற முருகன் பாடல்களை அதில் பாடினார். மெல்லத் தொடங்கும் பாட்டு, கிதாரும் தாளமும் ஏற ஏறக் காவடிக் கூட்டத்தின் ஆவேசத்தை எட்டுகிறது. ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுப்போரைக் கண்ட நம்மவர்க்கு அவ்வெறி அயலானதன்று. ராக் குழுவில் சேர்ந்த பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று பாருங்கள்!

இதற்கு மறுப்பும் உண்டு. கீர்த்தனையைக் கிதாருக்கு இசையக் குறைத்தும் நீட்டியும் பாடினால் அதன் கட்டுக்கோப்புக் குலையாதா என்று சங்கீதம் அறிந்த பெரியோர் கேட்பர். நியாயமான கேள்வியே. 'நகுமோமு' கற்க விரும்பும் சிறுவர் இத்தட்டைக் கேட்டுக் கற்றல் கூடாது. ஆசிரியரிடமே செல்ல வேண்டும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. சிட்னி நகரத்துப் பெற்றோர் அன்று அந்த அடிப்படையைப் போடாதிருந்தால், ராக் பாடிய பெண்ணுக்குத் திரும்பி வருவதற்கு வழியே இருந்திராது. குலையும் என்று அஞ்சுவதற்கும் முதலில் கையில் பொருள் இருக்க வேண்டுமன்றோ?

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. பாட்டு வகுப்புக்குக் கட்டும் பணத்தை வீண் என்று எண்ணாதீர். வீட்டில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கட்டும், பிழையின்றி ஒலிக்கட்டும். பிள்ளை கிதாரைக் கேட்டால் கடிந்து விரட்டாமல், கற்ற வரிசைகளை வாரம் ஒருமுறையேனும் பாட வேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்கிக் கொடுங்கள். திரும்பி வருவது பிள்ளையின் விருப்பம். வரும் வழியைத் தூர்ந்துபோகாமல் காப்பது நம் கடமை.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 'உப்பு மழை'யை ஒருநாள் மாலை பெற்றோரையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். 'மாமவது' வரும்போது அதன் இராகம் என்னவென்று தாயிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிடின் இருவரும் சேர்ந்து பாட்டு வாத்தியாரிடம் கேட்டறியலாம்.