மற்றும் பலர்

இந்தக் கட்டுரையை ‘நாம்’ என்று தொடங்கியிருக்கலாம். வாசகரையும் குற்றத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் பாரம் குறையும். அதனால்தான் ‘நாங்கள்’ என்று எழுதுகிறோம். நாங்கள் என்றால் ஐந்து பேர். ஒரு சின்ன ஊரில் திரைப்படச் சங்கம் நடத்தியவர்கள், சிற்றிதழ்களில் உலக சினிமா பற்றி எழுதித் தள்ளியவர்கள், இப்போது ஆளுக்கொரு மூட்டுவலியோடு ஓய்வில் இருப்பவர்கள்.

போன மாதம் சங்கத்தின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களைத் தரம் பிரித்தோம். பாதி கரையானுக்குப் போயிருந்தது. மிஞ்சியதில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள், ‘கான் வித் த விண்ட்’ திரையிட்ட அன்று கொடுத்தது. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஒரு டுட்டோரியல் மாடியில் பாய் விரித்து, ஏறத்தாழ நான்கு மணி நேரம் பார்த்த படம். தாளில் நடிகர் பட்டியல்: ஸ்கார்லெட்டாக விவியன் லீ. ரெட் பட்லராக கிளார்க் கேபிள். மெலனியாக ஒலிவியா டி ஹாவிலண்ட். ஆஷ்லியாக லெஸ்லி ஹாவர்டு. அதற்குக் கீழே, நம்மூர் போஸ்டர்களில் பழகிய அதே இரண்டு சொற்கள்: மற்றும் பலர்.

விவியன் லீ டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்பதற்கு மட்டும் இரண்டு வரி ஒதுக்கியிருந்தோம். கதைச் சுருக்கத்தில் ஓரிடத்தில் ‘வீட்டில் ஒரு கறுப்பு ஆயா இருக்கிறாள்’ என்று வருகிறது. ஸ்கார்லெட் அடுத்தவள் கணவனுக்கு ஏங்குகிறார், பொய் சொல்கிறார், ஆள் கொல்கிறார். தாள் முழுக்க அவருக்கு ‘அவர்’தான். ஆயா மட்டும் இருக்கிறாள், வருகிறாள், அழுகிறாள். எங்களில் யார் எழுதியது என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஐந்து பேரும் படித்துவிட்டுத்தானே ஸ்டென்சில் வெட்டக் கொடுத்தோம்?

அந்த ஆயாவாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து, வினாடி வினாவுக்கு ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டோம். அதோடு சரி.

அவர் 1893இல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைசி. அப்பா ஹென்றி அடிமையாக இருந்து, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து சண்டையிட்டவர். அம்மா தேவாலயத்தில் பாடுகிறவர். டென்வரில் வளர்ந்த ஹாட்டி அண்ணன்மாரோடு ஊர் ஊராகப் போய் மேடையில் பாடினார், பாட்டும் எழுதினார். இருபதுகளின் நடுவில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவோடு டென்வர் வானொலியில் அவர் குரல் ஒலித்தது. அமெரிக்க வானொலியில் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பிறகு சிகாகோவில் ப்ளூஸ் இசைத்தட்டுகள். 1929இல் பங்குச் சந்தை விழுந்தது, மேடைகள் மூடப்பட்டன. மில்வாக்கியில் ஒரு கேளிக்கை விடுதியின் பெண்கள் கழிப்பறையில் துவாலை எடுத்துக் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. ஓரிரவு பாட ஆள் இல்லாதபோது மேடையேறிப் பாடினார். அதன்பின் அவரைத் துவாலை கொடுக்க யாரும் அனுப்பவில்லை.

1931இல் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே அண்ணன் சாம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் இருந்தார். அவர் மூலம் ஹாட்டியும் உள்ளே போனார். ‘ஹை-ஹாட் ஹாட்டி’ என்ற பெயரில், முதலாளிக்கு அடங்காத வேலைக்காரியாகக் குரல் கொடுத்து நேயர்களைச் சம்பாதித்தார். சம்பளமோ வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. வானொலியில் வேலைக்காரியாக நடித்துவிட்டு, நிஜத்திலும் வீட்டு வேலைக்குப் போனார்.

இங்கேதான் எங்களுக்கு உறைத்தது. சினிமாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஒலிச்சித்திரத்துக்காகச் சாப்பாட்டுத் தட்டோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்த தலைமுறை. வசனத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே நடிகர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று சொல்வோம். அப்படிப்பட்ட காதுகளுக்கு, குரலால் உருவான ஒரு நடிகை கிடைத்தும் கேட்கவில்லை. ‘கான் வித் த விண்ட்’ பற்றி நாங்கள் எழுதிய எட்டோ பத்தோ கட்டுரைகளில் வண்ண ஒளிப்பதிவு உண்டு, அட்லாண்டா எரியும் காட்சி உண்டு, தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் பிடிவாதம் உண்டு. ஹாட்டியின் குரல் பற்றி ஒரு வாக்கியம் இல்லை.

பெட்டியை மூடிவிட்டு அன்றிரவே படத்தை மறுபடி போட்டோம். ஓரிடத்தை மட்டும் சொல்கிறோம். ரெட் பட்லர் மாமிக்கு, அந்த ஆயாவுக்குப் பெயரே மாமிதான், சிவப்புப் பட்டில் உள்பாவாடை வாங்கித் தந்திருக்கிறார். அவரைக் கண்டாலே ஆகாது என்று முகம் திருப்பிய அம்மாள், ரெட்டுக்கும் ஸ்கார்லெட்டுக்கும் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அதை உடுத்தியிருக்கிறார். இருவரும் மது அருந்துகிறார்கள். சரசரவென்று ஏதோ கேட்கிறதே என்று ரெட் சீண்ட, அவர் வெட்கமும் பெருமையுமாகப் பாவாடையின் நுனியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு தொண்டையில் பிறக்கவில்லை. அடிவயிற்றில் கிளம்பி, பாதியில் மரியாதைக்காக நிறுத்தப்பட்டு, நிற்க மாட்டாமல் வெளியே வருகிறது.

பிறகு மாடிப்படிக் காட்சி. அந்தக் குழந்தை இறந்துவிட்டது. மெலனியை மாடிக்கு அழைத்துப் போகிறார் மாமி. ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு வாக்கியம். கீழே தொடங்கிய பேச்சு மேலே போகும்போது துண்டுதுண்டாக உடைகிறது. வீட்டில் நடந்ததெல்லாம், ரெட் பட்லர் பிணத்தை விட்டு நகராமல் கிடப்பது உட்பட, அந்தப் பேச்சு வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. படம் எதையும் காட்டுவதில்லை. வானொலிக்காரர் ஒருவரிடம் இயக்குநர் காட்சியை ஒப்படைத்துவிட்டு விலகி நிற்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் டுட்டோரியல் மாடியில் இதைப் பார்த்தபோது பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போயிருந்தோம். நேரமாகிவிட்டிருந்தது.

இன்னொரு புறக்கணிப்பும் உண்டு. அதைத்தான் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் தலித் இலக்கியப் பேச்சோடு கறுப்பிலக்கியமும் தமிழில் வரத் தொடங்கியபோது நாங்கள் திருந்தினோம். திருந்திய வேகத்தில், ‘கான் வித் த விண்ட்’ அடிமை முறையைப் பொற்காலமாகக் காட்டும் படம், மாமி எஜமானர்களின் கற்பனையில் விளைந்த விசுவாசப் பொம்மை என்று எழுதினோம். சரியான கருத்துதான், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் பொம்மையைத் தூக்கி எறிந்த கையோடு நடிகையையும் எறிந்தோம். அதுவரை பேரில்லாமல் இருந்தவர், அதன்பின் எங்களுக்கு அவமானச் சின்னமானார். இரண்டு முறையும் அவரைப் பார்க்காமலே எழுதினோம்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை அவர் காலத்திலேயே நேருக்கு நேர் நடந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் வைட், இந்த வேலைக்காரி வேடங்கள் இனத்தையே இழிவுபடுத்துகின்றன என்று ஹாலிவுட் முதலாளிகளிடம் வாதாடினார். நடிகர்களுக்குக் கோபம்: எங்களைக் கேட்காமல் எங்கள் பிழைப்பைப் பேச நீ யார்? வேலைக்காரியாக இருப்பதைவிட வேலைக்காரியாக நடிப்பது மேல் என்ற பொருளில் ஹாட்டி சொன்னதாக ஒரு பதில் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வைட் சொன்னது நியாயமாகப் படுகிறது, ஹாட்டியின் கோபமும் நியாயமாகப் படுகிறது. கழிப்பறையில் துவாலையோடு நின்றவர் அந்தக் கோபத்துக்கு உரியவர். நாங்கள் எழுதியதில் வைட்டின் பக்கம் மட்டும் இருந்தது.

1940 பிப்ரவரி 29, அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல். செல்ஸ்னிக் தனியாகச் சொல்லித்தான் ஹாட்டிக்கு இடம் கிடைத்தது. அதுவும் படக்குழுவின் மேசையில் இல்லை. சுவரோரமாக ஒரு சின்ன மேசை. இரண்டரை மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கோ அழைப்பே கிடையாது. ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டம் அப்படி. துணை நடிகர்களுக்கு அந்நாளில் சிலை தருவதில்லை, ஒரு பலகைதான். அதை வாங்கிக்கொண்டு, தன் இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவளாக இருக்க வேண்டும் என்று சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கினார். அடுத்து ஒரு கறுப்பினப் பெண், வூப்பி கோல்ட்பர்க், நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கியது 1991இல்.

அந்தப் பலகையை ஹாட்டி தன் உயிலில் வாஷிங்டனின் ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். 1867இல் தொடங்கப்பட்ட, கறுப்பின மாணவர்களின் பெருமைக்குரிய பல்கலைக்கழகம் அது. எங்களில் ஒருவர் ஒரு பத்திரிகையில் அதை ‘ஹார்வர்டு’ என்று எழுதினார். அச்சானது. லெஸ்லி ஹாவர்டின் பெயரைப் பிழையில்லாமல் ஸ்டென்சிலில் வெட்டியவர்கள் நாங்கள்; இதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹார்வர்டு என்ற பெயருக்கும் அவருக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டு, அது வேறு. லாஸ் ஏஞ்சலஸில் அவர் வாங்கிய வீடு சவுத் ஹார்வர்டு புலேவார்டு என்ற சாலையில் இருந்தது.

அந்த வீட்டின் கதையும் எங்கள் தாள்களில் கிடையாது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்த பகுதி அது. சுகர் ஹில் என்று பெயர். அங்கே குடியேறிய ஹாட்டியையும், எத்தல் வாட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் போன்ற கலைஞர்களையும் வெளியேற்ற அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் லோரன் மில்லர் இவர்களுக்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல இன்னும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆயின. திரையில் எஜமானியின் இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டிய அதே அம்மாள்தான் வெளியே இந்தச் சண்டையைப் போட்டார். திரையில் பார்த்ததை மட்டும் வைத்து நாங்கள் அவரை எடைபோட்டோம்.

வானொலி முடிவில் அவரிடமே திரும்பி வந்தது. ‘பியூலா’ என்றொரு வேலைக்காரிப் பாத்திரம் அமெரிக்காவில் பிரபலம். அதற்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். அரங்கத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, தன் முறை வந்ததும் சட்டென்று திரும்பிக் கறுப்புப் பெண்ணின் குரலில் கூவுவார். ஆளையும் குரலையும் சேர்த்துப் பார்த்த கூட்டம் ஆர்ப்பரிக்கும். 1946இல் அவர் திடீரென்று இறந்தார். இன்னொரு வெள்ளைக்காரரை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள். 1947 நவம்பர் 24 முதல் சிபிஎஸ் வானொலியில் ஹாட்டி பியூலா ஆனார். தேசிய வானொலித் தொடர் ஒன்றின் மையப் பாத்திரத்தில் வந்த முதல் கறுப்பின நடிகை. வாரத்தில் ஐந்து மாலை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கொச்சையாக உடைத்துப் பேச மாட்டேன், பிடிக்காத வசனத்தை மாற்றும் உரிமை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

வேடம் அதே வேலைக்காரிதான். ஆனால் அந்த ஒலிப்பதிவுகளில் எஞ்சிய சிலவற்றை இப்போது கேட்கும்போது, ஸ்டுடியோ கூட்டம் சிரித்து அடங்கும் வரை அவர் எவ்வளவு துல்லியமாகக் காத்திருக்கிறார் என்பது புரிகிறது. ஒரு நொடி முன்னால் பேசியிருந்தால் வசனம் சிரிப்பில் மூழ்கியிருக்கும். ஒரு நொடி தாமதித்திருந்தால் ஓய்ந்திருக்கும். எங்களில் நாடகம் போட்டுப் பழகிய ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னார்.

பியூலா தொலைக்காட்சிக்கும் போனது. அதிலும் சில பகுதிகள் நடித்தார். மாரடைப்பு, பிறகு மார்பகப் புற்றுநோய். 1952 அக்டோபர் 26இல் இறந்தபோது வயது 59. தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் கேட்ட ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் கறுப்பர் என்று மறுத்தது. 1999இல் அங்கே ஒரு நினைவுக்கல் மட்டும் வைத்தார்கள். ஹாவர்டுக்குப் போன பலகை எப்படியோ தொலைந்தது. ஆஸ்கர் அகாடமி அதற்குப் பதில் புதிய பலகை ஒன்றைச் செய்து 2023 அக்டோபரில் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று சினிமாவுக்கு. மற்றது வானொலிக்கு.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே தகராறு. விவியன் லீயை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்கு முப்பது ஆண்டுகளாகச் சந்தேகம் வந்ததில்லை. இவரை ஹாட்டி என்பதா, ஹட்டி என்பதா, ஹேட்டி என்பதா? ஐந்து பேரும் இதுவரை ஒரு தடவைகூட நின்று யோசித்து எழுதாத பெயர். அரை மணி நேரம் வாதாடிவிட்டு வாக்கெடுப்பு வைத்தோம். மூன்றுக்கு இரண்டு. தோற்ற இருவரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.