வினாவுக்கு விடுதலை, விடைக்கு விலங்கு!

கல்லூரி என்றால் என்ன? கட்டடமா? பட்டமா? படித்ததை ஒப்புவிக்கும் பயிற்சிக்கூடமா? அல்ல! ஐயம் அச்சமின்றி நடமாடும் இடமே கல்லூரி. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், சான்ட்டா பவுலா நகருக்கு அருகே மலைச்சாரலில் இருக்கும் ஒரு சிறு கல்லூரியை அளந்து பார்ப்போம். அதன் பெயர் தாமஸ் அக்குவைனாஸ் கல்லூரி. 1971இல் பொதுநிலைக் கத்தோலிக்கர் சிலர் தொடங்கியது.

குறை கூறுமுன் நிறை கூறுவது நேர்மை. அங்கே துறைப் பிரிவுகள் இல்லை, விருப்பப் பாடங்கள் இல்லை, பாடநூல்கள்கூட இல்லை! நான்கு ஆண்டுகளும் எல்லோருக்கும் ஒரே கல்வி. பிளேட்டோவைப் பற்றி யாரோ எழுதிய குறிப்பை அல்ல, பிளேட்டோவையே படிக்கின்றனர். யூக்ளிடின் தேற்றத்தை மாணவரே கரும்பலகை முன் நின்று நிறுவுகிறார். ஆசிரியர் மேடையேறிப் பொழிவதில்லை. மேசையைச் சுற்றி மாணவரோடு அமர்ந்து வினவுகிறார். சாக்கட்டியோடு காலந்தள்ளும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு, இந்த முறையின் அருமை தெரியும்; போற்றுகிறோம்.

அதுமட்டுமா? கோபர்நிக்கசின் நூலைத் திருச்சபை 1616இல் முடக்கிற்று. டெக்கார்ட்டின் நூல்களை 1663இலும், கான்ட்டின் தலையாய நூலை 1827இலும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 1966இல்தான் செயலிழந்தது. ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் பிறந்த இக்கல்லூரி, அம்மூவரையும் மாணவர் கையில் தருகிறது. டார்வினையும் மார்க்சையும் நீட்சேயையும்கூடத் தருகிறது. தடுத்த மரபே இன்று தருகிறது! காலத்தின் வெற்றி அது.

பின், குறை எங்கே? நூலிலே இல்லை, மேசையிலே இல்லை. மேசைக்கு மேலே இருக்கிறது!

'புரிதலைத் தேடும் நம்பிக்கை' என்பது கல்லூரியின் குறிக்கோள். 11ஆம் நூற்றாண்டின் ஆன்செல்ம் வழிவந்த சொல். நம்பிக்கை முன்னே நடக்கிறது. அறிவு அதன் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னே வருகிறது. கத்தோலிக்க ஆசிரியர்கள் விசுவாச அறிக்கை செய்து, திருச்சபைக்குப் பற்றுறுதி ஆணையும் எடுக்கின்றனர். வினவ வேண்டியவர், வினவுமுன்பே வாக்குக் கொடுத்துவிடுகிறார்!

கத்தோலிக்கரே இதை எதிர்த்ததுண்டு. 1967இல், நோட்ரே டேம் பல்கலைக்கழகத் தலைவர் ஹெஸ்பர்க் முதலானோர், லேண்ட் ஓ லேக்ஸ் என்ற ஊரில் கூடினர். திருச்சபை அதிகாரம் உட்பட எந்த வெளியதிகாரத்துக்கும் கட்டுப்படாத தன்னாட்சி பல்கலைக்கழகத்துக்கு வேண்டும் என்று அறிவித்தனர். அந்தக் காற்றுக்கு எதிராகவே இக்கல்லூரியின் நிறுவனர்கள் 1969இல் தம் திட்டத்தை வெளியிட்டனர். திருச்சபையின் போதனை அறிவுக்கு விலங்கன்று, விளக்கு என்பது அவர்கள் வாதம்.

"எந்தக் கல்வியும் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டுதானே தொடங்குகிறது? யூக்ளிடே எடுகோள்களில்தானே தொடங்கினார்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்! அந்த யூக்ளிடையே சாட்சிக்கு அழைப்போம். இணைகோடு பற்றிய அவரது ஐந்தாம் எடுகோளை 19ஆம் நூற்றாண்டில் லொபசெவ்ஸ்கியும் போல்யாயும் விலக்கி வைத்துப் பார்த்தனர். கணிதம் இடிந்ததா? புதிய வடிவியலே பிறந்தது! அந்த எடுகோளுக்குக் கணித ஆசிரியர் எவரும் ஆணையிட்டுக் கட்டுப்பட்டிருக்கவில்லை. எடுகோள் என்பது ஏறிச்செல்லும் படி. வேண்டுமானால் இறங்கிப் பார்க்கலாம். ஆணையோ பூட்டிய கதவு. இரண்டும் ஒன்றாகுமா?

மாணவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது பாதி உரிமை. கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டாலும், ஆசிரியரும் அங்கே அஞ்சாமல் உடன்வரலாம் என்பதே மீதிப் பாதி. அந்த மீதி இல்லாத இடத்தில் உரையாடல் உண்டு, தேடல் இல்லை.

தோழர்களே! கத்தோலிக்கக் கல்லூரிதானே என்று கைகொட்டி நகைத்துவிட்டுப் போவது எளிது. அதுவல்ல நம் வேலை. அவர்களுடைய மேசையை எடுத்துக்கொள்வோம், ஆணையை விட்டுவிடுவோம். நம் படிப்பகங்களிலும் மூலநூலைப் பிரித்து வைத்து, வட்டமாக அமர்ந்து, வாதிட்டுப் படிப்போம். அங்கே எவர் பெயரைச் சொல்லியும் ஐயத்தின் வாயை அடைக்காதிருப்போம். நாம் போற்றும் தலைவர்களின் பெயரைச் சொல்லியும்கூட! முடிவை முன்பே எழுதிவைத்த மேசை, சிலுவையின் கீழ் இருந்தாலும் சிலையின் கீழ் இருந்தாலும், பலிபீடமே, பலியாவது அறிவே!