குரலையா கொண்டாடுகிறோம்?



அதிராம்பட்டினத்தின் மணவீடுகளில் முழங்கிய நாகூர் அனிபாவின் குரல்தான் நம் கழக மேடைகளுக்கும் கட்டியம் கூறியது. "வெண்கலக் குரல்!" என்றனர் கேட்டோர்; இன்றும் அதையே சொல்கின்றனர். நான் உடன்படவில்லை.

இடிக்கும் குரல் உண்டு. இடியை எவரும் மனப்பாடம் செய்வதில்லை! 'இசைமுரசு' என்றோமே, முரசு அறைவது ஓசைக்கா? ஊருக்குச் செய்தி உரைக்க! அனிபாவின் வெற்றி, ழகரம் சிதையாமல், பொருள் புதையாமல், எழுத்தறியாத பாட்டாளியின் செவியிலும் தெளிவாய் இறங்கிய தமிழில் இருக்கிறது.

தமிழ்நாட்டு இசைமேடையில் தமிழ்ப்பாட்டு வேண்டுமென்று, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழன் தன் மொழிக்காகத் தன் மண்ணிலேயே மனுப் போட்ட காலம் அது! சபாக்களின் அனுமதிக்குக் காத்திராமல், தெருவிலும் திடலிலும் தமிழ்ப்பாட்டை அரியணை ஏற்றியவர் அனிபா.

"இசுலாமியரின் பாடகர்" என்பர் சிலர். "கழகத்தின் பாடகர்" என்பர் சிலர். இரண்டும் உண்மை; இரண்டும் பாதி உண்மை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஒலிக்கையில் நீறணிந்தோரும் உருகுகின்றனர். கடவுளை ஏற்காத நம் தோழரும் தலையசைக்கின்றனர். அங்கே வென்றது மதமா? தமிழ்!

2015 ஏப்ரல் 8இல் அவர் மறைந்தார். நாமோ, கூட்டம் சேர்க்க அவர் பாட்டை ஒலிக்கவிட்டு, பேச்சாளர் வந்ததும் பாதியில் நிறுத்துகிறோம். குரல்தான் பெரிதென்று எண்ணுவதன் விளைவு இது. மேடையில் பேசுவோனாகிய நானே சொல்கிறேன்: பாட்டு முடியட்டும், பிறகு பேசுவோம்!